வரிசை கலையாமல் நிற்கப் பழகுங்கள்: ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்’ புதிதாக ஆடுபவர்களுக்கு

ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசும் மோதிய போர்களை மேசைமேல் ஆடிப் பார்க்க ஆசை இருந்தால், தொடங்க வேண்டிய ஆட்டம் ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்’. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்தது. அமெரிக்காவின் ஜிஎம்டி கேம்ஸ் 2006-இல் வெளியிட்டது. இருவர் ஆடும் ஆட்டம். விதிகள் கைக்குப் பழகிவிட்டால் ஒரு போர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். போர் ஆட்டங்கள் என்றாலே தலையணை தடிமனில் விதிப்புத்தகம் இருக்கும் என்று பயப்படுகிறவர்கள் இதைத் தைரியமாகத் தொடலாம்.

விதிகள் எளிது, ஆனால் புதியவர்கள் முதல் சில ஆட்டங்களில் படுதோல்வி அடைவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கையில் இருக்கும் நல்ல அணியை ஆசையாக முன்னால் தள்ளுவார்கள். அது தனியாகப் போய் நிற்கும். எதிரி மூன்று பக்கம் சூழ்ந்து அதை முடித்துவிடுவான். அடுத்த முறை இன்னொரு அணி அதே வழியில் போகும். பண்டைய போர்களில் ஆட்கள் தோளோடு தோள் நின்றார்கள், வரிசை உடைந்த பக்கமே பெரும்பாலும் தோற்றது. இந்த ஆட்டத்தின் கணக்கும் அதே அடிப்படையில் கட்டப்பட்டது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு படியிலும் வரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.

பெட்டியைத் திறந்ததும்

உள்ளே 300-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகள், அவற்றுக்கான ஸ்டிக்கர் தாள்கள், 60 கட்டளைச் சீட்டுகள், பகடைகள், அறுகோணக் கட்டங்கள் வரைந்த பலகை, மலை, காடு, ஆறு ஆகியவற்றுக்கான அட்டைத் துண்டுகள் இருக்கும். ரோமானியருக்கு ஒரு நிறக் கட்டைகள், கார்த்தேஜியருக்கு வேறு நிறக் கட்டைகள். சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரப் படைக்குத் தனியாக ஒரு தொகுதி உண்டு.

ஸ்டிக்கர் ஒட்டும் வேலை உங்களுடையது. ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், கண் வலிக்கும், ஸ்டிக்கர் கோணலாகும். ஒரு படையை மட்டும் எடுத்து, ஒரு வகையை முழுக்க முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போங்கள். ஒட்டியதை அப்படியே வகைக்கொரு ஜிப் பையில் போட்டுவிடுங்கள். முதல் போருக்குத் தேவையான சிராக்யூஸ், கார்த்தேஜ் படைகளை மட்டும் ஒட்டிவிட்டு ஆடத் தொடங்கினால்கூடப் போதும். ரோமானியர் அடுத்த வாரம் வரட்டும்.

பெட்டி கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘வசல்’ என்ற இலவசக் கணினி மென்பொருளில் இந்த ஆட்டத்துக்கான தொகுப்பு உண்டு. வேறு ஊரில் இருக்கும் நண்பருடனும் அதில் ஆடலாம். விதிகளை அது உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளாது. பலகையையும் கட்டைகளையும் திரையில் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் கற்றுக்கொள்வதற்கு அது இன்னும் நல்லது.

யார் யார் நிற்கிறார்கள்

ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கும் கட்டைகள் ஓர் அணி. காலாட்படை அணிக்கு 4 கட்டை, குதிரைப்படை அணிக்கு 3, யானை அணிக்கும் தேர் அணிக்கும் 2. தளபதிக்கு ஒரே கட்டை. அடி விழ விழக் கட்டையை எடுத்துக்கொண்டே வர வேண்டும், கடைசிக் கட்டை போனால் அணி அழிந்தது, எதிரிக்கு ஒரு வெற்றிக்கொடி. தளபதி செத்தாலும் ஒரு கொடி. ஒவ்வொரு போருக்கும் இத்தனை கொடி சேர்த்தால் வெற்றி என்று எழுதியிருக்கும்.

அணிகளில் மூன்று தரம் உண்டு: லைட், மீடியம், ஹெவி. ஒவ்வொரு கட்டையிலும் அதன் அடையாளம் இருக்கும். லைட் என்றால் பச்சை வட்டம், மீடியம் என்றால் நீல முக்கோணம், ஹெவி என்றால் சிவப்புச் சதுரம். இதே அடையாளங்கள் பகடையிலும் இருக்கின்றன. பகடையின் மற்ற மூன்று முகங்கள் குறுக்கு வாள், கொடி, தலைக்கவசம். ஆறு முகத்திலும் ஆறு வேறு படம்.

நெருங்கிச் சண்டை போடும்போது லைட் காலாட்படை 2 பகடை உருட்டும், மீடியம் 4, ஹெவி 5. குதிரைப்படையில் லைட் 2, மீடியம் 3, ஹெவி 4. இந்த ஆறு எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் ஆட்டத்தின் பாதி வந்துவிட்டது.

ரோமானியப் படையைப் பார்க்கும்போது வரலாறும் கூடவே வரும். முன்னால் ஈட்டி எறிந்துவிட்டு ஓடும் வெலிட்டஸ் வீரர்கள் இங்கே லைட் காலாட்படை. அவர்களுக்குப் பின்னால் ஹஸ்தாத்தி, பிரின்கிபெஸ் என்ற இரண்டு வரிசைகள் மீடியம். கடைசியில் நிற்கும் அனுபவசாலிகளான த்ரியாரி ஹெவி. கார்த்தேஜ் பக்கம் ஆப்பிரிக்கக் காலாட்படை, ஸ்பெயின்காரர்கள், ‘கால்’ (Gaul) இனத்தவர், வட ஆப்பிரிக்காவின் நுமிதியக் குதிரைவீரர்கள் எனப் பல இடத்து ஆட்கள். ரோம் ஒரே மாதிரியான, தடித்த படை. கார்த்தேஜ் வேறு வேறு திறமைகள் கலந்த படை. ஆட வேண்டிய விதமும் அதனால் மாறுகிறது.

உங்கள் முறை வந்தால்

கையில் இருக்கும் சீட்டுகளில் ஒன்றைப் போடுங்கள். அது எந்தெந்த அணிக்கு உத்தரவு கொடுக்கலாம் என்று சொல்லும். உத்தரவு பெறும் அணிகள் எவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அத்தனை அணிகளையும் நகர்த்தி முடியுங்கள். அதன் பிறகே சண்டை. ஒன்றை நகர்த்திச் சண்டை போட்டுவிட்டு, முடிவைப் பார்த்து இன்னொன்றை நகர்த்துவது கூடாது. புதியவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். சண்டைகள் முடிந்ததும் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு முறையை எதிராளியிடம் விடுங்கள்.

பலகை இரண்டு கோடுகளால் இடது, நடு, வலது என்று மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலான சீட்டுகள் ‘இடது பகுதியில் 2 அணி’, ‘நடுவில் 3 அணி’ என்று ஒரு பகுதிக்கு மட்டுமே உத்தரவு தரும். கோடு குறுக்கே போகும் கட்டத்தில் நிற்கும் அணி இரண்டு பகுதிக்கும் சொந்தம். இதைக் கவனித்து நிறுத்தும் ஆட்டக்காரருக்குச் சீட்டுப் பஞ்சம் பாதி குறைந்துவிடும்.

வேகம் தரத்தைப் பொறுத்தது. லைட் குதிரைப்படை 4 கட்டம் ஓடும், மீடியம் குதிரைப்படை 3, ஹெவி குதிரைப்படை 2. மீடியம், ஹெவி காலாட்படை சண்டையும் போட வேண்டுமானால் பொதுவாக ஒரு கட்டம்தான் நகரும். ஆகவே காலாட்படை வரிசையை எங்கே மோதவிடப் போகிறீர்கள் என்று இரண்டு மூன்று முறைக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

ஒரு சண்டையைப் பொறுமையாகப் பார்ப்போம்

உங்கள் பிரின்கிபெஸ், மீடியம் அணி, கார்த்தேஜின் ஹெவி காலாட்படையைத் தாக்குகிறது என்று வையுங்கள். 4 பகடை உருட்டுகிறீர்கள். எதிரி ஹெவி என்பதால் சிவப்புச் சதுரம் விழுந்தால் அடி. நெருங்கிய சண்டை என்பதால் வாள் விழுந்தாலும் அடி. உங்கள் தளபதி அந்த அணியுடனோ பக்கத்துக் கட்டத்திலோ இருந்தால் தலைக்கவசமும் அடி. கொடி விழுந்தால் எதிரி பின்வாங்க வேண்டும். மற்றவை வீண்.

விழுந்தவை சிவப்புச் சதுரம், வாள், கொடி, பச்சை வட்டம். இரண்டு அடி, ஒரு கொடி. எதிரி இரண்டு கட்டை இழக்கிறான். அந்தக் கொடியை அவன் ஏதாவது காரணம் காட்டித் தள்ளிவிட முடிந்தால் இடத்திலேயே நிற்பான். நின்றால் திருப்பி அடிப்பான், அதுவும் முழு 5 பகடையுடன்.

இங்கே மிக முக்கியமான ஒரு விதி இருக்கிறது. பாதிக் கட்டை போனாலும் அணியின் பகடை குறையாது. ஒற்றைக் கட்டையோடு தத்தளிக்கும் ஹெவி அணியும் 5 பகடை உருட்டும். ஆகவே தாக்கும் முன் ‘நான் எத்தனை பகடை போடுவேன்’ என்று மட்டும் பார்க்காமல், ‘அவன் தப்பினால் எனக்கு எத்தனை பகடை திரும்பி வரும்’ என்றும் பாருங்கள். மேலே சொன்ன சண்டையில் நீங்கள் சராசரியாக 1.3 கட்டை எடுப்பீர்கள், அவன் திருப்பி அடித்தால் 1.7 கட்டை எடுப்பான். கணக்கில் உங்களுக்கே நஷ்டம்.

ஆனால் அந்த ஹெவி அணியில் ஏற்கெனவே 2 கட்டைதான் மிச்சம் என்றால் கதை மாறுகிறது. 4 பகடையில் இரண்டு அடி விழ 100-க்கு 41 வாய்ப்பு. உங்கள் தளபதி கூடவே நின்றால் அது 69 ஆகிவிடும். எதிரி அழிந்துவிட்டால் திருப்பி அடிக்க ஆள் இல்லை. தளபதியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களே பதில். முடிக்கப் போகும் சண்டைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அடிபட்ட அணியை அடுத்த முறையே பின்னால் இழுத்துவிட்டு அந்த இடத்தில் முழு அணியை நிறுத்துங்கள். களைத்த ஹஸ்தாத்தி பின்வாங்கப் பிரின்கிபெஸ் முன்னே வந்த ரோமானிய முறை இதுவேதான். பலவீனமான அணிகளைப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பவரிடமிருந்து வெற்றிக்கொடி பிடுங்குவது மிகவும் கஷ்டம்.

கொடி

புதியவர்கள் அடியை எண்ணுவார்கள், பழகியவர்கள் கொடியைப் பார்ப்பார்கள். ஹெவி காலாட்படை 5 பகடை உருட்டும்போது ஒரு கொடியாவது விழ 100-க்கு 60 வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு கொடிக்கும் தாக்கப்பட்ட அணி தன் முழு வேகத்துக்குப் பின்னால் ஓட வேண்டும். பின்னால் இடம் இல்லையென்றால் ஓட முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கட்டை போகும்.

ஓடிய அணி திருப்பி அடிக்க முடியாது. அது விட்டுப்போன இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள் வென்ற அணி முன்னேறலாம். முன்னேறியது குதிரைப்படை என்றாலோ, தளபதி உடன் இருக்கும் காலாட்படை என்றாலோ, அதே முறையில் இன்னொரு சண்டையும் போடலாம். ஒரு நல்ல வரிசை ஒரே முறையில் சரிவது இப்படித்தான்.

கொடியைத் தள்ளிவிட முக்கியமான வழிகள் இரண்டு. அணியைத் தொட்டபடி இரண்டு பக்கத்துக் கட்டங்களில் நம் ஆட்கள் இருந்தால் ஒரு கொடியைக் கண்டுகொள்ளாமல் விடலாம். தளபதி அதே அணியுடன் இருந்தால் இன்னொரு கொடியை விடலாம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு கொடி. அருகில் யாருமின்றி முன்னால் ஓடிய அணிக்கு இதில் எதுவும் கிடையாது.

வரிசையின் நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் துணை இருக்கிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு பக்கம்தான். ஆகவே வரிசையின் இரண்டு முனைகளும் எப்போதும் பலவீனமானவை. முனைக்குச் சற்றுப் பின்னால் தொட்டபடி ஒரு அணியை நிறுத்தினால் அதற்கும் துணை கிடைத்துவிடும். சின்ன விஷயம், ஆனால் இதைச் செய்பவர்களையும் செய்யாதவர்களையும் நாலாவது முறையிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

முன்னால் அலையும் லைட் படை

லைட் காலாட்படைக்கு நெருங்கிய சண்டையில் 2 பகடைதான். அதிலும் வாள் விழுந்தால் அவர்களுக்கு அடி கிடையாது. அவர்களை ஹெவி அணியோடு மோதவிடுவது வீண். அவர்கள் வேலை தூரத்திலிருந்து எறிவது: ஈட்டி என்றால் 2 கட்டத் தூரம், வில், கவண் என்றால் 3. நகராமல் எறிந்தால் 2 பகடை, நகர்ந்துவிட்டு எறிந்தால் 1. தூரத்துத் தாக்குதலில் எதிரியின் தர அடையாளம் மட்டுமே அடி, வாள் கிடையாது. சேதம் சொற்பம்தான். ஆனால் ஒரு கொடி விழுந்தால் எதிரி வரிசையில் ஒருவன் பின்னால் போவான், அந்த வரிசையைச் சரிசெய்ய அவன் ஒரு சீட்டைச் செலவழிக்க வேண்டும். லாபம் அங்கே.

ஹெவி அணி கிட்டே வந்தால் லைட் அணி விலகி ஓடலாம். தாக்குபவன் பகடையை உருட்டுவான், ஆனால் தர அடையாளம் விழுந்தால் மட்டுமே அடி. வாளும் கொடியும் தலைக்கவசமும் கணக்கில் வராது. தப்பியவர்கள் 2 கட்டம் பின்னால் போவார்கள், திருப்பி அடிக்க முடியாது. யாரிடமிருந்து யார் விலகலாம் என்ற அட்டவணையை விதிப்புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டு மேசையில் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 2 கட்டம் காலியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தங்கள் காலாட்படையைத் தங்கள் லைட் படையின் முதுகோடு ஒட்டி நிறுத்தி, விலகும் வழியைத் தாங்களே அடைத்துக்கொள்பவர்கள் பலர்.

குதிரைகளும் யானைகளும்

குதிரைப்படையை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே செலவழிக்காதீர்கள். எதிரியின் குதிரைப்படையை அகற்ற வேண்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் அவர்களை ஓரத்தில் பொறுமையாக வைத்திருங்கள். எதிரி வரிசை உடைந்ததும் ஒற்றைக் கட்டையோடு பின்வாங்கும் அணிகள் களத்தின் பின்பக்கம் சிதறிக் கிடக்கும். அவற்றைத் துரத்திப் பிடிக்க 3 கட்டம், 4 கட்டம் ஓடும் வேகம் வேண்டும்.

கி.மு. 216-இல் இத்தாலியின் கன்னே களத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் நடுப்பகுதியில் நின்ற கால் இனத்தவரும் ஸ்பெயின்காரர்களும் மெல்ல மெல்லப் பின்வாங்கினார்கள். ரோமானியர் உள்ளே இழுக்கப்பட்டார்கள். இரண்டு பக்கமும் நின்ற ஆப்பிரிக்கக் காலாட்படை உள்நோக்கித் திரும்பியது. ரோமானியக் குதிரைப்படையை விரட்டிவிட்டு வந்த கார்த்தேஜியக் குதிரைப்படை பின்பக்கத்தை அடைத்தது. மேசையில் ரோமானியராக ஆடும்போது அந்த நடுப்பகுதி உங்களையும் இழுக்கும். கொடி விழுந்து எதிரி பின்வாங்குவான், முன்னேறிக்கொண்டே போகத் தோன்றும். நடுவில் இருக்கும் உங்கள் மூன்று நான்கு அணிகள் மட்டும் முன்னே போனால், அவற்றின் இரண்டு பக்கமும் துணையற்ற முனைகள் ஆகிவிடும்.

யானைக்குத் தனி விதி. அது தனக்கென்று பகடை எண்ணிக்கை வைத்திருக்காது. எதிரில் நிற்கும் அணி எத்தனை பகடை உருட்டுமோ அத்தனை பகடையை யானை உருட்டும். ஹெவி காலாட்படையைத் தாக்கினால் 5, லைட்டைத் தாக்கினால் 2. வாள் விழுந்தால் அடி, அந்தப் பகடையை மீண்டும் உருட்டலாம், மறுபடி வாள் என்றால் மறுபடி அடி. நல்ல நாளில் ஒரே யானை ஒரு ஹெவி அணியைத் துடைத்துவிடும். ஆனால் யானைமேல் கொடி விழுந்து பின்வாங்க நேர்ந்தால் மதம் பிடித்துத் தன்னைத் தொட்டு நிற்கும் எல்லோரையும் மிதிக்கும், நம்மவன், அவன் என்று பார்க்காது.

இதிலிருந்து இரண்டு பாடம். யானையை வைத்திருப்பவர் அதை வரிசைக்குள் சொருகாமல், எதிரியின் ஹெவி அணிக்கு நேராக, தன் ஆட்களிடமிருந்து சற்று விலக்கி விட வேண்டும். யானையை எதிர்கொள்பவர் அதன் முன்னால் லைட் படையை அனுப்ப வேண்டும். எதிரில் நிற்பது லைட் என்பதால் யானைக்கு 2 பகடைதான் கிடைக்கும், தூரத்திலிருந்து எறியும் ஈட்டியில் ஒரு கொடி விழுந்தால் அது தன் ஆட்களையே மிதிக்கும். கி.மு. 202-இல் ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ செய்ததும் இதன் உறவுதான். வரிசைகளுக்கு இடையே சந்துகள் விட்டு, அவற்றில் வெலிட்டஸ் வீரர்களை நிறுத்தினார். கொம்பு, முரசு ஓசையில் மிரண்ட சில யானைகள் கார்த்தேஜின் சொந்தக் குதிரைப்படைமேல் பாய்ந்தன. விதியைப் படித்தால் வரலாறு புரிகிறது, வரலாற்றைப் படித்தால் எப்படி ஆடுவது என்று புரிகிறது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததற்கு முதல் காரணம் இது.

சீட்டுகளைக் கையாளுதல்

எத்தனை சீட்டு கையில் வைத்திருக்கலாம் என்பது போருக்குப் போர், பக்கத்துக்குப் பக்கம் மாறும். திறமையான தளபதிக்கு அதிகச் சீட்டு. ஹன்னிபால் இருக்கும் பக்கம் அவருடைய மூளை சீட்டு எண்ணிக்கையாக உங்கள் கைக்கு வருகிறது. அதிகச் சீட்டு என்றால் அதிக வழி, அதோடு ‘கையில் எத்தனை சீட்டோ அத்தனை அணிக்கு உத்தரவு’ என்று சொல்லும் சீட்டுகளின் பலமும் கூடும். லைட், மீடியம், ஹெவி, குதிரைப்படை என்று ஒவ்வொரு வகைக்கும் அப்படிப்பட்ட சீட்டுகள் உண்டு.

உங்கள் வரிசைக்கு மிகவும் தேவைப்படுவது ‘லைன் கமாண்ட்’. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காலாட்படை வரிசை முழுவதையும் அது ஒரே சீட்டில் ஒரு கட்டம் முன்னேற்றும். இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உத்தரவு அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதல் சில முறைகளில் சிறிய பகுதிச் சீட்டுகளைப் போட்டு, விட்டுப்போன இடங்களை நிரப்பி, வரிசையைக் கோர்த்துவிடுங்கள். பிறகு லைன் கமாண்ட் போட்டால் ரோமானியப் படை மொத்தமாக நடந்து வரும் காட்சி எதிராளியை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

‘மவுண்டட் சார்ஜ்’ நான்கு குதிரைப்படை அணிகள் வரை உத்தரவு கொடுத்து, நெருங்கிய சண்டையில் ஒரு பகடை கூடுதலாகத் தரும். ‘கிளாஷ் ஆஃப் ஷீல்ட்ஸ்’ எதிரியைத் தொட்டு நிற்கும் எல்லா அணிக்கும் ஒரு பகடை கூடுதலாகத் தரும். இரண்டு வரிசைகளும் மோதிய பிறகு போட வேண்டியது, முன்னதாகப் போட்டால் வீண். ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ எதிராளியின் முறையில் போடுவது, அடிக்க வந்தவனுக்கு முன்னால் நீங்கள் அடிப்பீர்கள். ‘கவுண்ட்டர் அட்டாக்’ எதிராளி இப்போது போட்ட சீட்டையே உங்களுக்கும் தரும். இது எதிரில் உள்ள கையில் இருக்கலாம் என்று தோன்றும்போது மிகப் பெரிய சீட்டைப் போடச் சற்று யோசியுங்கள்.

நல்ல சீட்டு வந்த உடனே போட்டுவிடும் பழக்கத்தை விடுங்கள். இரண்டு பெரிய சீட்டுகளை வரிசையாகப் போட முடிகிற நிலை வரும்வரை சிறிய சீட்டுகளால் காலம் தள்ளுவது நல்லது. இரண்டாவது சீட்டு இல்லாமல் முதல் தாக்குதலைத் தொடங்கினால், உங்கள் ஆட்கள் எதிரி எதிரில் போய் நிற்பார்கள், அடுத்த முறை அவர்களை நகர்த்தக் கையில் சீட்டு இருக்காது.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: மலைமேல் நிற்பவனை ஏறித் தாக்கினால் அதிகபட்சம் 3 பகடை, காட்டுக்குள் இருப்பவனைத் தாக்கினால் 2. ஹெவி காலாட்படைக்கு இது பெரிய இழப்பு, லைட் படைக்கு ஒன்றும் போகாது. ஆகவே காடு லைட் படைக்கு, சமவெளி ஹெவி படைக்கு.

எந்தப் போரை முதலில்

அடிப்படைப் பெட்டியில் 15 போர்கள் இருக்கின்றன. முதலில் அக்ரகாஸ், கி.மு. 406. கார்த்தேஜியர் முற்றுகையிட்ட நகரைக் காப்பாற்ற டாஃப்னேயஸ் தலைமையில் சிராக்யூஸ் படை வந்தபோது நடந்தது. ரோம் இதில் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், விதி பழகுவதற்கு நல்ல போர் இது. ஒருமுறை ஆடிவிட்டு, பக்கம் மாறி அதே போரை மீண்டும் ஆடுங்கள், இரண்டு ஆட்டத்தின் வெற்றிக்கொடிகளையும் கூட்டி யார் வென்றார் என்று பாருங்கள். வரலாற்றுப் போர்கள் சமமானவை அல்ல என்பதால் இதுதான் நியாயமான முறை.

அடுத்து பக்ராதஸ் ஆடுங்கள். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதலாம் பியூனிக் போரில் ஆப்பிரிக்காவில் இறங்கிய ரெகுலஸின் ரோமானியப் படையை, ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த கூலிப்படைத் தளபதி ஸாந்திப்பஸ் யானைகளாலும் குதிரைப்படையாலும் நொறுக்கிய போர் அது. யானையை விடுவதும் யானையைத் தாங்குவதும் இதில் பழகும். பிறகு டிசினஸ், ட்ரெபியா, டிராசிமீன் ஏரி என்று கி.மு. 218, 217-இல் ஹன்னிபால் இத்தாலிக்குள் வந்த வழியே போகலாம். டிராசிமீனில் ரோமானியராக ஆடுபவர் தோற்பது இயல்பு, ஏரிக்கும் மலைக்கும் இடையே, பதுங்கியிருந்தவர்களிடம் சிக்கிய படை அது. எத்தனை வெற்றிக்கொடியைத் தரவிடாமல் தடுத்தீர்கள் என்பதை வைத்து உங்களை அளந்துகொள்ளுங்கள்.

கன்னேயை இரண்டு வரிசைகளையும் ஒழுங்காக நகர்த்தப் பழகிய பிறகு தொடுங்கள். களத்தில் அணிகள் நிறைய, கையாளத் தெரியாவிட்டால் ரோமானியப் பக்கம் நெரிசலில் நகரவே முடியாமல் நிற்கும். ஸாமாவைக் கடைசிக்கு வைத்திருங்கள். இதற்குள் ஹன்னிபாலின் முந்தைய போர்களை ஆடியிருப்பீர்கள். அவருக்கு எப்போதும் துணைநின்ற நுமிதியக் குதிரைவீரர்கள் இதில் நுமிதிய மன்னர் மாசினிசாவுடன் ரோமானியப் பக்கம் நிற்பதைப் பார்க்கும்போது, கார்த்தேஜ் எதை இழந்தது என்று கட்டைகளை அடுக்கும்போதே தெரியும்.

எதிராளி கிடைக்காத நாட்களில் தனியாகவும் ஆடலாம். இரண்டு கைச் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்து, அந்தந்தப் பக்கத்துக்கு நல்லதைச் செய்துகொண்டு போனால் போதும். சீட்டு ரகசியம் போய்விடும், ஆனால் வரிசையைக் கோர்ப்பதும் பின்வாங்கிய அணியைக் காப்பதும் நன்றாகவே பழகும்.

விரிவாக்கப் பெட்டிகள் பல வந்திருக்கின்றன: கிரேக்கமும் கிழக்கத்திய அரசுகளும், ரோமுக்கு எதிரான பழங்குடிகள், ரோமானிய உள்நாட்டுப் போர்கள், ஸ்பார்ட்டா. அடிப்படைப் பெட்டியின் 15 போர்களையும் இரண்டு பக்கமும் ஆடி முடிக்கும் வரை அவற்றை வாங்க வேண்டாம். வாங்கினால் முதலில் கிரேக்கப் பெட்டி. அலெக்சாந்தரின் குதிரைப்படையை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கன்னேக்கு வந்தால், அந்த ஓரத்துக் குதிரைகளை வேறு விதமாக ஆடுவீர்கள்.